வளர்த்துக் கொல்லும் மருந்து



ஓர் உயிரைக் கொல்வதற்கு உலகில் வழிகள் பல உண்டு. உணவை மறுத்துக் கொல்லலாம். நஞ்சை ஊட்டிக் கொல்லலாம். வெட்டியும் எரித்தும் கொல்லலாம். ஆனால் ஓர் உயிரை அளவு கடந்து வளரச் செய்தே கொன்றுவிட முடியும் என்பதை மனிதன் அறிந்துகொண்டது 1940-ஆம் ஆண்டில்தான். இன்று நம் நாட்டு வயல்களிலும் தெளிக்கப்படுகின்ற 2, 4-டி என்ற களைக்கொல்லி அத்தகையது. அது எவ்வாறு பிறந்தது, செடியின் உடலுக்குள் நுண்ணளவில் என்ன செய்கிறது, அதன் இயல்பை முழுதும் அறியும் முன்னரே மனிதன் அதனைக் கொண்டு என்னென்ன செய்தான் என்பவற்றைச் சுருக்கமாக உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பயிர்த்தொழில் தோன்றிய நாள்தொட்டுக் களையும் அதனுடன் வந்துகொண்டே இருக்கிறது. பயிருக்கென்று நாம் இடும் எருவையும், பாய்ச்சும் நீரையும், கதிரவன் தரும் ஒளியையும் அழைக்கப்படாத விருந்தாளியாக வந்து உண்பது களை. குனிந்த முதுகு நிமிராமல் கையாலும் களைக்கொத்தாலும் அதனை அகற்றியவர்கள் நம் நாட்டுப் பெண்மக்கள். மேலை நாடுகளில் உப்பைத் தூவிப் பார்த்தார்கள். 1896-இல் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், கொடிகளின் பூஞ்சண நோய்க்காகத் தெளித்த மயில்துத்தக் கலவை அங்கே முளைத்திருந்த காட்டுக்கடுகின் இலைகளைக் கருக்கியதைக் கண்டார். அதன்பின் தாமிர உப்புகளும், கந்தக அமிலமும், ஆர்செனிக் கலந்த பொருள்களும் களையழிக்கப் பயன்பட்டன. இவை யாவும் தொட்ட இடத்தைச் சுடுகின்ற மருந்துகள். செடியின் வாழ்க்கை நெறியை அறிந்து அதனுள் புகுந்து வேலை செய்பவை அல்ல.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குப் போதிக்கப்பட்ட முதல் விதி. ஆகவே எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சன்னல் ஓரத்தில் வைத்த தொட்டிச் செடி வெளிச்சம் வரும் பக்கமாக வளைகிறது. பள்ளியில் நான் தாவரவியல் நடத்திய காலத்தில், ஒரு பக்கம் மட்டும் துளையிட்ட மரப்பெட்டிக்குள் அவரை நாற்றை வைத்து மூடிவிடுவேன். சில நாள் கழித்துத் திறந்தால் நாற்று துளையை நோக்கித் தலை நீட்டியிருக்கும். மாணவர்கள் வியப்பார்கள். "ஐயா, செடிக்குக் கண் உண்டா?" என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு சிறுவன் கேட்பான். அது நகைக்கத்தக்க வினா அன்று. உலகப் புகழ் பெற்ற ஓர் அறிஞரும் ஏறத்தாழ அதே வினாவைத்தான் எழுப்பினார்.

அவர் சார்லஸ் டார்வின். முதுமைக் காலத்தில் தம் மகன் பிரான்சிஸின் துணையோடு, பறவைகளுக்குத் தீனியாகும் கானரிப் புல்லின் விதைகளை முளைக்க வைத்து அவர் ஆராய்ந்தார். புல்லினத்தில் விதையிலிருந்து முதலில் வெளிவருவது உறை போன்ற ஒரு முளைக்குருத்து. அதன் நுனியை மட்டும் ஒளி புகாத தொப்பியால் மூடினால் முளை வளையவில்லை. நுனியைத் திறந்து விட்டு அடிப்பகுதியை மூடினாலோ, வழக்கம்போல் வளைந்தது. வளைவது அடிப்பகுதி, ஒளியை உணர்வது நுனி. எனவே நுனியிலிருந்து ஏதோ ஒரு தூண்டுதல் கீழே இறங்கி வருகிறது என்று அவர் முடிவு செய்தார். 1880-இல் வெளிவந்த அவருடைய நூலில் இச்செய்தி இடம்பெற்றது.

அந்தத் தூதுவன் யார்? டென்மார்க் நாட்டுப் பாய்சன் யென்சன் முளையின் நுனியை வெட்டி, இடையில் ஜெலட்டின் துண்டை வைத்து மீண்டும் பொருத்தினார். தூது தடைப்படவில்லை. ஜெலட்டினுக்குப் பதிலாக அப்பிரகத் தகட்டைச் செருகியபோது தடைப்பட்டது. ஆகவே தூதுவன் நீரில் கரைந்து ஊடுருவும் ஒரு பொருளாகத்தான் இருத்தல் வேண்டும். ஹாலந்து நாட்டில் உட்ரெக்ட் நகர இளைஞர் பிரிட்ஸ் வென்ட் 1926-இல் மேலும் ஒரு படி சென்றார். ஓட்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி, அகார் என்ற கடற்பாசிக் கூழின் மீது சிறிது நேரம் வைத்திருந்தார். பின்பு நுனிகளை எறிந்துவிட்டு, அக்கூழின் சிறு கட்டியை நுனியற்ற முளையின் ஒரு பக்கத்தில் வைத்தார். முளை மறுபக்கமாக வளைந்தது. கட்டியில் இறங்கியிருந்த பொருள் அந்தப் பக்கத்தை மட்டும் நீளச் செய்ததே காரணம். வளைவின் அளவைக் கொண்டு பொருளின் அளவையும் அவர் கணக்கிட்டார். கண்ணால் காண இயலாத ஒன்றை அளக்க ஒரு தராசு கிடைத்துவிட்டது.

வளரச் செய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஆக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். செடியில் அது இருக்கும் அளவோ மிகமிகக் குறைவு. 1934-இல் உட்ரெக்டில் கோகல் என்பவரும் அவருடைய தோழர்களும் இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு ஆக்ஸினின் ஆற்றல் உண்டு என்று காட்டினார்கள். அவர்கள் அதனை எதிலிருந்து பிரித்தெடுத்தார்கள் என்று கேட்டால் வியப்படைவீர்கள். மனிதனின் சிறுநீரிலிருந்து! செடியின் வளர்ச்சிக்குரிய தலைமைப் பொருள் அதுவே என்பது பின்னர் உறுதியாயிற்று.

பெயரும் அமைப்பும் தெரிந்தபின் ரசாயன அறிஞர்கள் சும்மா இருப்பார்களா? அதனை ஒத்த பொருள்களைச் செயற்கையாக உண்டாக்கிச் செடிகளின் மீது சோதித்தார்கள். துண்டித்த கிளைகளில் வேர் விடச் செய்ததும், காய்கள் பழுக்கும் முன் உதிராமல் காத்ததும் அப்பொருள்களின் முதற் பயன்கள். ஆக, வளர்ப்பதற்காகவே அவை தேடப்பட்டன என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

1940-இல் கதை திரும்பியது. இங்கிலாந்தில் ஜெலாட்ஸ் ஹில் என்னும் இடத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் டெம்பிள்மன் என்பவர், நாஃப்தலீன் அசிட்டிக் அமிலத்தை மிகுந்த அளவில் ஓட்ஸ் பயிருக்கு இட்டுப் பார்த்தார். ஓட்ஸ் பயிருக்குப் பெருந்தீங்கு இல்லை. அதனிடையே இருந்த காட்டுக்கடுகு மடிந்து போயிற்று. பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் பிடிக்கின்ற மருந்து! அதனினும் வல்லமை வாய்ந்த பொருள்களைத் தேடியதில், எம்.சி.பி.ஏ., 2, 4-டி என்ற இரண்டும் கிடைத்தன. ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தாரும் தனி வழியில் இதே முடிவுக்கு வந்தார்கள். அமெரிக்காவில் 1942-இல் சிம்மர்மன், ஹிட்ச்காக் ஆகிய இருவர், 2, 4-டி செடிகளின் வளர்ச்சியைக் கடுமையாகப் பாதிப்பதை வெளியிட்டிருந்தனர்.

அது உலக யுத்த காலம். பகைவனின் பயிரை அழிக்கவும் இதனைப் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் இரு நாடுகளிலும் எழுந்தது. அமெரிக்காவின் டெட்ரிக் ராணுவ முகாமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் ரகசியமாகச் சோதிக்கப்பட்டன. ஆனால் அவற்றைக் களத்தில் பயன்படுத்தும் முன்னரே யுத்தம் முடிந்தது. பிரிட்டிஷ் ஆராய்ச்சி முடிவுகள் 1945-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. அதே ஆண்டில் அமெரிக்கச் சந்தையில் 2, 4-டி விற்பனைக்கு வந்துவிட்டது. விலை மலிவு, ஏக்கருக்குத் தேவையான அளவும் குறைவு. சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் கோதுமை, நெல், கரும்பு, மக்காச்சோள வயல்களில் அது பரவிற்று.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். மருந்து விற்பனையாகிறது, களை சாகிறது. ஆனால் அது செடியின் உடலில் எதனைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறது என்பது யாருக்கும் தெரியாது. விடை கிடைக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. 2005-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் மார்க் எஸ்டெல் தலைமையில் ஒரு குழுவும், இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒட்டலீன் லைசர் தலைமையில் மற்றொரு குழுவும் ஒரே சமயத்தில் அதனைக் கண்டறிந்து வெளியிட்டன. 2007-இல் சியாட்டில் நகரைச் சேர்ந்த நிங் ஜெங்கின் குழு அதன் வடிவத்தையே படம் பிடித்தாற்போல் காட்டிவிட்டது. அவர்கள் ஆராய்ந்தது அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு செடி. அதுவும் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

கண்டறிந்தது என்ன? நமக்குப் பழக்கமான வாய்க்கால் மதகைக் கொண்டு விளக்குகிறேன். செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் வளர்ச்சிக்குரிய கட்டளைகள் மரபணுக்களில் எழுதப்பட்டுள்ளன. அவை எந்நேரமும் செயற்படலாகாது. ஆகவே அவற்றைத் தடுத்து நிறுத்தும் சில புரதங்கள், மதகை அடைத்து நிற்கும் பலகை போல இருக்கின்றன. பலகையை எடுத்தால்தான் நீர் பாயும். உயிரணுவினுள் டி.ஐ.ஆர்.1 என்ற வேறொரு புரதம் உண்டு. பலகையைப் பிடித்து இழுத்து, 'இதனை அழித்துவிடலாம்' என்று அடையாளமிடுவது அதன் வேலை. அடையாளம் பெற்ற புரதத்தை உயிரணுவுக்குள் இருக்கும் அரைவை இயந்திரம் போன்ற ஓர் அமைப்பு துண்டு துண்டாக்கிவிடும். ஆனால் டி.ஐ.ஆர்.1 தானாகப் பலகையை இறுகப் பற்ற இயலாது. அதன் மேற்பரப்பில் ஒரு சிறு குழிவு இருக்கிறது. ஆக்ஸின் மூலக்கூறு அக்குழிவில் போய் அமர்ந்தால், இரண்டு புரதங்களுக்கும் இடையே பசை போல நின்று ஒட்ட வைக்கிறது. உடனே பலகை அகற்றப்படுகிறது, மதகு திறக்கிறது, வளர்ச்சிக் கட்டளைகள் ஓடத் தொடங்குகின்றன.

இயற்கையான ஆக்ஸின் வேலை முடிந்ததும் நிற்பதில்லை. செடி அதனைச் சிதைத்துவிடும். அல்லது வேறொரு பொருளோடு பிணைத்து முடக்கி வைக்கும். பலகை மீண்டும் உண்டாகி மதகை அடைத்துக்கொள்ளும். திறப்பதும் அடைப்பதும் அளவோடு நிகழ்வதால் செடி ஒழுங்காக வளர்கிறது. 2, 4-டி என்பது அதே குழிவில் அமரத்தக்க வடிவம் பெற்ற போலி ஆக்ஸின். பலகையை அகற்றும் வேலையை அதுவும் செய்கிறது. ஆனால் அகன்ற இலைச் செடிகளால் அதனை விரைவில் சிதைக்க முடிவதில்லை. எனவே புதிய பலகை வரவர அழிக்கப்படுகிறது. மதகு திறந்தது திறந்தபடியே கிடக்கிறது. பயிருக்கு உயிர் தரும் அதே நீர் வயலை மூழ்கடித்தால் என்ன ஆகும்?

செடியிலும் அதுவே ஆகிறது. சில மணி நேரத்திலேயே தண்டும் இலைக்காம்பும் முறுக்கிக்கொள்கின்றன. எத்திலீன் என்ற வாயு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதனைத் தொடர்ந்து அப்சிசிக் அமிலம் பெருகுகிறது. இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, உணவு தயாரிக்கத் தேவையான கரிவாயு உள்ளே வருவதில்லை. தண்டில் உயிரணுக்கள் ஒழுங்கின்றிப் பெருகிப் பிதுங்கி, உணவு செல்லும் குழாய்களை நெரிக்கின்றன. ஒளியின் ஆற்றல் செலவாக வழியின்றி, உயிரணுக்களைச் சிதைக்கும் தீய ஆக்ஸிஜன் பொருள்களாக மாறுகிறது. பசுமை வெளுக்கிறது, சில நாட்களில் அல்லது சில வாரங்களில் செடி மடிகிறது. வளர்ச்சியே அதற்குக் கூற்றுவனாகிவிடுகிறது.

அப்படியானால் நெல்லும் கோதுமையும் மட்டும் ஏன் பிழைக்கின்றன? புல்லினம் அம்மருந்தின் மூலக்கூற்றை மாற்றி, அதனோடு சர்க்கரையைப் பிணைத்து, தீங்கற்றதாக ஆக்கிக்கொள்ளும் திறம் உடையது. மேலும் அதன் தண்டில் குழாய்க் கற்றைகள் சிதறிக் கிடக்கின்றன. அகன்ற இலைச் செடிகளில் இருப்பது போன்ற, பெருகிப் பிதுங்கக்கூடிய திசு வளையம் அங்கே இல்லை. மருந்து உள்ளே பரவுவதும் குறைவு. எனினும் இந்தப் பாகுபாடு பயிர், களை என்ற நம்முடைய பாகுபாடு அன்று. பருத்தி நமக்குப் பயிர்; 2, 4-டி-க்கோ அது வெறும் அகன்ற இலைச் செடி. பக்கத்து வயலில் தெளித்த மருந்து காற்றில் மிதந்து வந்தாலும், கழுவாத தெளிப்பானில் சிறிது தங்கியிருந்தாலும் பருத்தி இலை விரல் போலச் சுருங்கிவிடும். நம் பருத்திக் குடியானவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இனி, சொல்ல மனம் வருந்தும் பகுதிக்கு வருகிறேன். 1945-இல் உறையிலிடப்பட்ட அந்த ராணுவ எண்ணம் மீண்டும் வெளியே வந்தது. வியட்நாம் யுத்தத்தில் 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் காடுகளின் மீதும் வயல்களின் மீதும் ஏழு கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லிகளைத் தெளித்தன. அதில் பாதிக்கு மேல், பீப்பாயின் மீது தீட்டிய ஆரஞ்சு நிறப் பட்டையால் 'ஏஜெண்ட் ஆரஞ்சு' என்று பெயர் பெற்ற கலவை. 2, 4-டி ஒரு பங்கு, 2, 4, 5-டி ஒரு பங்கு சேர்ந்தது அது. நெற்பயிர் புல்லினம் ஆதலால் இதற்கு எளிதில் மடியாது. ஆகவே நெல்லை அழிக்க ஆர்செனிக் கலந்த வேறொரு மருந்தைத் தெளித்தார்கள். விஞ்ஞானத்தின் நுட்பம் அங்கும் தவறாமல் பயன்பட்டது! கடற்கரைச் சதுப்புநிலக் காடுகள் ஒரே முறை தெளித்ததிலேயே பெரும்பரப்பில் மாண்டன.

2, 4-டி-க்கும் 2, 4, 5-டி-க்கும் உள்ள வேற்றுமை ஒரே ஒரு குளோரின் அணுதான். ஆனால் பின்னதைத் தயாரிக்கும்போது டயாக்ஸின் என்ற கொடிய நஞ்சு கழிவாக உண்டாகி அதனுடன் கலந்துவிட்டது. செடியைக் கொல்லும் செயலில் அந்த நஞ்சுக்குப் பங்கு எதுவும் இல்லை. மண்ணிலும் மீனிலும் மனித உடலிலும் அது பல்லாண்டுகள் தங்கிற்று. அது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று 1997-இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. 2, 4-டி-யைப் பற்றி அந்நிறுவனம் 2015-இல் கூறியது, புற்றுநோய்க்குக் காரணமாகக் 'கூடும்' என்ற அளவில் நிற்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சுவதும் சரியன்று. ஆபத்தே இல்லை என்று வெறுங்கையால் கலக்குவதும் சரியன்று.

இவ்வரலாற்றில் ஒரு மனிதரை நான் மறக்க முடிவதில்லை. ஆர்தர் கால்ஸ்டன் என்ற இளைஞர் 1943-இல் இல்லினாய் சர்வகலாசாலையில் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்தார். சோயா மொச்சை விரைவில் பூக்க உதவும் ஒரு பொருளைப் பற்றியது அது. அளவு மிஞ்சினால் இலைகள் உதிர்ந்துவிடுகின்றன என்பதையும் நேர்மையோடு குறித்து வைத்தார். அவருடைய பொருள் ஏஜெண்ட் ஆரஞ்சில் சேர்க்கப்படவில்லை. ஆயினும் இலையுதிர்க்கும் மருந்து தேடிய ராணுவ ஆராய்ச்சியாளர்கள் தம் குறிப்பையும் படித்திருந்தார்கள் என்று அறிந்தபோது, அவர் வாளாவிருக்கவில்லை. சக விஞ்ஞானிகளைத் திரட்டினார். குடியரசுத் தலைவருக்கு எழுதினார். வியட்நாமுக்கு நேரில் சென்று பார்த்தார். 1970-இல் இயற்கைச் சூழலை அழிப்பதைச் சர்வதேசக் குற்றமாக்க வேண்டும் என்று ஒரு மாநாட்டில் குரல் கொடுத்தார். தெளிப்பு 1971-இல் நின்றது. யுத்தத்தில் களைக்கொல்லிகளை முதலில் பயன்படுத்துவதைக் கைவிடுவதாக 1975-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆணையிட்டார்.

இதற்கிடையே செடிகளும் வாளாவிருக்கவில்லை. 2, 4-டி-க்கு அடங்காத களைகள் 1957-ஆம் ஆண்டிலேயே தலைகாட்டின. கனடாவில் காட்டுக் காரட்டும், ஹவாய் கரும்புத் தோட்டங்களில் கானாவாழை இனம் ஒன்றும் மருந்தைத் தாங்கி நின்றன. 2022-இல் ஆஸ்திரேலியக் களை ஒன்றை ஆராய்ந்தபோது, அதன் தடுப்புப் புரதத்தில் ஒரு சிறு பகுதி உதிர்ந்து போயிருப்பது தெரிந்தது. நான் சொன்ன மதகுப் பலகையின் வடிவமே சற்று மாறிவிட்டது. எனவே அதனைப் பற்றி இழுப்பது எளிதாக இல்லை. அந்தக் களையும் கடுகுக் குடும்பமே. 1940-இல் மருந்தின் வல்லமையை நமக்குக் காட்டியது ஒரு கடுகுச் செடி. 2005-இல் அதன் இரகசியத்தைச் சொன்னது இன்னொரு கடுகுச் செடி. அதற்குத் தப்பும் வழியைக் கண்டுகொண்டது மற்றொரு கடுகுச் செடி. ஒரே மருந்தை ஆண்டுதோறும் தெளித்தால், அதற்கு மடியாத ஒன்றிரண்டு செடிகளை நாமே பொறுக்கியெடுத்து விதைப்பதற்கு ஒப்பாகும். ஆகவேதான் மருந்தை மாற்றியும், பயிரைச் சுழற்றியும், கைக்களை எடுத்தும் கலந்து செய்ய வேண்டும் என்று வேளாண்மை அறிஞர்கள் வற்புறுத்துகிறார்கள்.

நேயர்களே, டார்வின் வினா எழுப்பியது 1880-இல். முழு விடை வந்தது 2005-இல். இடையே நூற்று இருபத்தைந்து ஆண்டுகள். பயன் என்னவென்று கேட்காமல், முளை ஏன் வளைகிறது என்று மட்டும் கேட்டவர்களே இந்த அறிவை நமக்குத் தேடித் தந்தார்கள். அவர்கள் தந்ததைக் கொண்டு உழைப்பாளியின் முதுகு நிமிரவும் செய்தோம். ஒரு நாட்டின் காடுகளை மொட்டையாக்கவும் செய்தோம். குறை அறிவில் இல்லை. ஒரு பொருளால் என்ன செய்ய முடியும் என்று தெரிந்தவுடனேயே, அது என்ன, எதுவரை செல்லும் என்று அறியும் முன்னர், அதனைக் கையில் எடுத்துக்கொள்ளும் நம் அவசரத்தில் இருக்கிறது. உயிரணுவுக்குள் இருக்கும் மதகு திறக்கவும் அறியும், உரிய நேரத்தில் அடைக்கவும் அறியும். அந்த அளவறிந்து ஒழுகும் பாடத்தையும் செடியிடமிருந்து நாம் கற்றுக்கொண்டால், இவ்வளவு நீண்ட ஆராய்ச்சிக்கு அதுவே மிகச் சிறந்த பயனாகும்.